ஓபன்எம்பி, எம்பிஐ, சேப்பல்: பல வருஷப் பழக்கத்தில் தெரிந்தவை

சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இருக்கும் ஊர் என்பதால் காரைக்குடியில் பேட்டரி பற்றிய பேச்சுக்குப் பஞ்சமில்லை. என் வேலையும் அதுதான்: எலக்ட்ரோலைட்டுக்குள் லித்தியம் அயனி பரவுவதைக் கணக்கிடும் ஃபோர்ட்ரான் நிரல்கள். இணைக் கணிப்புக்கு, அதாவது ஒரே கணக்கைப் பல பிராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஓட்டுவதற்கு, ஓபன்எம்பி, எம்பிஐ, சேப்பல் மூன்றையும் பல வருஷமாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். ஓட்ட வேகத்தைவிட, வந்த விடையை எவ்வளவு சீக்கிரம் நம்ப முடிகிறது என்பதை வைத்தே இவற்றை எடைபோடுகிறேன். நம்முடைய நாள்களைத் தின்பது அதுதான்.

ஓபன்எம்பி 1997இல் முதலில் ஃபோர்ட்ரானுக்குத்தான் வந்தது. லூப்புக்கு மேலே ஒரு வரி சேர்த்தால் போதும். கம்பைல் செய்யும்போது அந்த வசதியை அணைத்துவிட்டால் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் பழைய சீரியல் நிரல் அப்படியே கிடைக்கும். இரண்டு விடைகளையும் ஒப்பிட்டுவிடலாம். இதற்காகவே அதை நான் விடமாட்டேன். ஆனால் ஒரு கணினியின் நினைவகத்தைத் தாண்டிப் போகாது.

தாண்ட வேண்டுமென்றால் எம்பிஐ: தனித்தனியாக ஓடும் நிரல் பிரதிகள் (பிராசஸ்கள்) ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை. பட்டாலையில் ஆளுக்கொரு பக்கமாக ஆத்தங்குடிக் கல் பாவும்போது, ஓரத்துப் பூ அடுத்தவர் கல்லோடு சேர வேண்டும் அல்லவா? கணக்கிடும் புள்ளிகளின் கட்டத்தை (கிரிட்) பிரித்துக்கொண்ட பிராசஸ்களுக்கும் அதே கட்டாயம். ஒவ்வொரு நேரப்படியிலும் ஓர வரிசையைப் பக்கத்து பிராசஸுக்கு அனுப்பி, அதனுடையதை வாங்க வேண்டும். எல்லா பிராசஸும் முதலில் சென்ட், பிறகு ரிசீவ் என்று எழுதினால் சின்னக் கட்டத்தில் அழகாக ஓடும். சின்னச் செய்திகளை எம்பிஐ நூலகம் பஃபர் என்னும் தற்காலிக இடத்தில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் காரணம். கட்டத்தைப் பெரிதாக்கியதும், எதிரே வாங்க ஆளில்லாமல் எல்லாம் சென்டிலேயே நின்றுவிடும். எரர் வராது. பல நேரம் சிபியு முழு வேகத்தில் ஓடுவதாகவே காட்டும், ராத்திரி முழுக்க வீண். அனுப்புவதையும் வாங்குவதையும் ஒன்றாகச் செய்யும் சென்ட்ரிசீவ் போட்டால் தீர்ந்தது. என்னிடம் வரும் மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: சோதனைக்கு சென்டை எஸ்சென்டாக மாற்றி ஓட்டுங்கள். அது பஃபரை நம்பாது, எதிர்ப்பக்கம் வாங்கத் தொடங்கும்வரை காத்திருக்கும். சின்னக் கட்டத்திலேயே இந்தப் பூட்டு பிடிபட்டுவிடும்.

சேப்பல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா 2002இல் தொடங்கிய உயர் உற்பத்தித்திறன் கணினித் திட்டத்திலிருந்து வந்த மொழி. ஓரப் பரிமாற்றம் ஒரே அழைப்பில் முடிகிறது. சமன்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிரலைப் படிக்கலாம். கம்பைல் ஆகும் நேரம்தான் பொறுமையைச் சோதிக்கும். புது மாதிரியை முயன்று பார்க்க எனக்கு இது பிடித்திருக்கிறது. பெரிய ஓட்டங்களுக்கு இன்றும் எம்பிஐதான், பெரிய சமன்பாடுகளைத் தீர்க்கும் பெட்ஸ்சி மாதிரி நூலகங்கள் அதன்மேல்தான் நிற்கின்றன.

எதை எடுத்தாலும் ஒன்று கவனியுங்கள். பிராசஸ் எண்ணிக்கை மாறினால் கூட்டும் வரிசை மாறும், விடையின் கடைசி இலக்கங்களும் மாறும். அதைத் துரத்தி அலைய வேண்டாம். மூடிய பெட்டியில் மொத்த லித்தியம் கூடவோ குறையவோ கூடாது. அந்தத் தொகையை ஒவ்வொரு ஓட்டத்திலும் அச்சிடச் செய்யுங்கள். ஓரப் பரிமாற்றம் தவறினால் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த எண்தான்.