மிதித்தால் மட்டும் அதிரும் சைக்கிள்: அல்சூர் பட்டறை ஒன்று

பெங்களூரில் கியர் சைக்கிளை ரிப்பேருக்கு விட்டால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது ஒரு பட்டியல்தான். இதை மாற்றணும், அதை மாற்றணும், மொத்தம் இவ்வளவு ஆகும். என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுக்கும் ஆள் கிடைப்பது அபூர்வம். அப்படி ஒருவர் அல்சூரில் இருக்கிறார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்பக்கம் போகும் சந்து ஒன்றில், ஒரு வீட்டின் கீழே, ஷட்டர் போட்ட ஒற்றை அறை. மெக்கானிக் ஒருவர்தான், உதவிக்கு ஒரு பையன். இருக்கிற வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது, பெயரைப் போட்டு எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். கோயில் பக்கத்துப் பூக்கடைகளில் "கியர் சைக்கிள் பட்டறை எங்கே" என்று தமிழிலேயே கேளுங்கள், கை காட்டுவார்கள்.

என் வண்டி அலுமினியச் சட்டம், ஷிமானோ கம்பெனியின் 105 கியர் செட், பின்னால் 11 கியர், முன்னால் 50 பல், 34 பல் என்று இரண்டு பல்சக்கரம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெல்லாரி ரோட்டில் தேவனஹள்ளி வரை, எப்போதாவது நந்தி மலை. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கீழே கொஞ்சம் கணக்கு வரும்.

மழைக்காலம் முடிந்ததும் வேறொரு கடையில் செயின் மாற்றினேன். அதன் பிறகு மிதித்தால் கால் வழியாக ஓர் அதிர்வு. மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போது தரை நடுங்குமே, அந்த மாதிரி, பாதத்தில் ஆரம்பித்து சீட் வரை. காதுக்குப் பெரிதாக ஒன்றும் கேட்காது. காலுக்குத்தான் தெரியும். அந்தக் கடைக்கே திரும்பப் போனேன். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றாமலே "பாட்டம் பிராக்கெட் போயிடுச்சு, கேசட்டும் தேய்ஞ்சிருக்கு" என்று 4,200 ரூபாய்க்குக் கணக்குப் போட்டார்கள். பாட்டம் பிராக்கெட் என்பது பெடல் கைகள் சுற்றும் அச்சின் பேரிங், கேசட் என்பது பின்வீலில் இருக்கும் கியர்ப் பல்சக்கர அடுக்கு. வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் சொன்ன விலைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓட்டும் அக்கா ஒருவர் சொல்லித்தான் அல்சூருக்குப் போனேன்.

அங்கே வண்டியை வாங்கி ஓரமாகச் சாத்திவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ரோட்டுலம்மா ஓட்டுனீங்க?"

பெங்களூரில் இது மிகச் சரியான முதல் கேள்வி. ஊர் முழுக்க ஒயிட் டாப்பிங் என்று கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். டயர் வழுக்காமல் இருக்க அதன் மேல் குறுக்கே கோடு கோடாகக் கீறி விடுவார்கள். 25 மில்லி மீட்டர் டயரில் 100 பிஎஸ்ஐ காற்றை அடித்துக்கொண்டு அதன் மேல் போனால் எந்த நல்ல வண்டியும் நடுங்கும். எனக்கு தேவனஹள்ளிப் பக்கம் வழவழப்பான தார் ரோட்டிலும் அதே அதிர்வு என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

மிதிக்காமல் சும்மா உருளவிட்டால் இருக்கிறதா? இல்லை. அப்படியென்றால் டயர் வீக்கம், வீல் கோட்டம், கம்பித் தளர்ச்சி, முன் ஹேண்டில் பேரிங் எல்லாம் பெரும்பாலும் விலகிவிட்டன. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தால்? அப்போதும் இருக்கிறது. சீட்டும் சீட் கம்பியும் போயின. ஒரு காலை எடுத்துவிட்டு மற்றக் காலால் மட்டும் மிதித்தால்? எந்தக் காலானாலும் அதேதான்.

அப்புறம் கேட்டார்: "ஒரு மிதிக்கு ஒரு தடவை இடிக்குதா, ரெண்டு மூணு மிதிக்கு ஒரு தடவை இடிக்குதா, இல்ல விடாம ரீங்குதா?"

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பட்டறையைச் சிபாரிசு செய்வேன். அவர் எண் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. நிமிடத்துக்கு 90 மிதி என்றால் கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, வினாடிக்கு ஒன்றரைச் சுற்று. கிராங்க், பெடல், பாட்டம் பிராக்கெட் ஆகியவற்றில் கோளாறு என்றால் அதிர்வு பெரும்பாலும் அந்தத் தாளத்தில்தான் வரும், ஒரு மிதிக்கு ஒன்றோ இரண்டோ இடி. 50 பல்லில் ஓடும் சுமார் 110 கண்ணி உள்ள செயினில் ஒரு கண்ணி மட்டும் இறுகிப்போயிருந்தால், அந்தக் கண்ணி திரும்ப அதே இடத்துக்கு வர கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்ற வேண்டும். "ரெண்டு மூணு மிதிக்கு ஒரு தடவை" என்று அவர் கேட்டது அதைத்தான். பின்வீல் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், 30 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு நான்கு சுற்று, வீலில் கோளாறு என்றால் அந்தத் தாளம். ஆனால் 50 பல் சக்கரம் வினாடிக்கு ஒன்றரைச் சுற்று சுற்றினால் 75 கண்ணிகள் கடந்து போகும். 75 இடிகளைத் தனித்தனியாக எண்ண முடியாது, ஒரே ரீங்காரமாகத்தான் காலுக்குத் தெரியும்.

எனக்கு விடாத ரீங்காரம்தான். அதைச் சொன்னதும் முன்னால் சின்னப் பல்லில் போட்டு, அதே வேகத்தில் காலைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். அல்சூர் ஏரிப் பக்கம் கென்சிங்டன் ரோட்டில் ஒரு நடை போய்விட்டு வந்தேன். அதிர்வு தடித்துவிட்டது, நிதானமாகிவிட்டது. 34 பல்லில் வினாடிக்கு 51 கண்ணிதானே போகும். பின்னால் கியரை மாற்றினால் மட்டும் காலில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதாவது அதிர்வு கிராங்கோடும் பின்வீலோடும் சேர்ந்து போகவில்லை, செயின் கண்ணியோடு சேர்ந்து போகிறது. ஒவ்வொரு கண்ணியும் எங்கேயோ இடித்துக்கொண்டு போகிறது. இது வரைக்கும் அவர் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

அதன் பிறகுதான் ஸ்டாண்டில் ஏற்றினார். அப்போதும் பாட்டம் பிராக்கெட்டைச் சோதிக்காமல் விடவில்லை. நான் பயந்துபோய் வந்திருக்கிறேன் என்று தெரிந்துதான் அதைக் காட்டினார் என்று நினைக்கிறேன். செயினைப் பல்லிலிருந்து இறக்கிவிட்டு, ஒரு விரலால் கிராங்கைச் சுற்றிவிட்டு, மறு கையின் உள்ளங்கையைச் சட்டத்தின் கீழ்க்குழாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என் கையையும் வைக்கச் சொன்னார். ஒன்றுமில்லை, வழவழவென்று சுற்றியது. அடுத்து கிராங்கின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால் பாட்டம் பிராக்கெட், ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் தளர்ந்திருக்கிறது. எதுவும் ஆடவில்லை. அலுமினியக் குழாய் உள்ளே வெறும் காலி. பின்னால் கிளம்பும் அதிர்வையும் காலடிக்குக் கொண்டுவந்துவிடும், அதனால்தான் எல்லாரும் பாட்டம் பிராக்கெட் மேல் பழி போடுகிறார்கள் என்றார்.

செயினைத் திரும்ப மாட்டி, பையனை மெதுவாகச் சுற்றச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு, செயினைக் கியர் விட்டுக் கியர் தள்ளும் பின்பக்க டீரெய்லர் அருகே குந்தி உட்கார்ந்தார். "வாங்கம்மா, பாருங்க."

டீரெய்லரின் கூட்டுக்குள் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு குட்டிப் பல்சக்கரங்கள் இருக்கும். இரண்டுக்கும் நடுவில், செயின் விலகாமல் இருக்க, நகம் அளவுக்கு ஒரு சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். செயின் அந்தத் தகட்டின் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் போயிருந்தது. செயின் மாற்றியவர்கள் கோத்த லட்சணம் அது. கறுப்பாக இருக்க வேண்டிய தகட்டின் விளிம்பு தேய்ந்து வெள்ளிபோல் பளபளத்தது. அதைச் சுற்றி எண்ணெயில் குழைந்த சாம்பல் நிறத் தூள். ஒவ்வொரு கண்ணியும் அதன் மேல் உரசிக்கொண்டுதான் போயிருக்கிறது. கியர் ஒழுங்காக விழுந்ததால் யாருக்கும் அங்கே பார்க்கத் தோன்றவில்லை. 4,200 ரூபாய்க்கு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டிருந்தாலும், செயினைக் கழற்றி அதே மாதிரி கோத்திருந்தால் அதிர்வு அப்படியே இருந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

இணைப்புக் கண்ணியைக் கழற்றி, செயினைச் சரியான பக்கமாகக் கோத்து, புது இணைப்புக் கண்ணி போட்டார். பழையதையே ஏன் போடவில்லை என்று கேட்டேன். 11 ஸ்பீடுக்கு ஷிமானோ தரும் இணைப்புக் கண்ணியை ஒரு தடவை கழற்றினால் திரும்பப் போடக் கூடாது என்று கம்பெனியே சொல்கிறது என்றார். செயின் தேய்மானத்தையும் அளவுகோல் வைத்துப் பார்த்தார். புதுசுதான், நீளவில்லை. கிராங்க் போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 12 முதல் 14 நியூட்டன் மீட்டருக்குள் வைத்துச் சரிபார்த்தார். இந்த ரெஞ்சைக் கண்ணால் பார்ப்பதே அரிதாக இருக்கும் ஊரில், அவர் அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார்.

திரும்ப ஏரிப் பக்கம் ஓட்டினேன். ரீங்காரம் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் அது அடங்கியதும் அதற்கு அடியில் ஒளிந்திருந்த இன்னொன்று தெரிந்தது: இடது காலை அழுத்தும்போது ஒவ்வொரு முறையும் லேசாக ஒரு "டக்". வேறு கடையாக இருந்தால் "புது செயின், பழகிடும்" என்று அனுப்பியிருப்பார்கள். இவர் ஒரு பெட்டியிலிருந்து சாதாரணப் பழைய பெடல் ஜோடி ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு "இப்போ போய்ட்டு வாங்க" என்றார். டக் இல்லை. சரி, பெடல்தான்.

என் இடது பெடலைப் பிரித்துக் காட்டினார். அச்சில் இருந்த கிரீஸ் மழைத் தண்ணீர் ஏறிக் காபித் தூள் நிறத்தில் இருந்தது. கழுவி, பால்ரஸ் குண்டுகளைத் துடைத்து, புது கிரீஸ் வைத்து, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் கோனை, அதாவது குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் நட்டை, வைப்பதற்குத்தான் நேரம் எடுத்தார். கொஞ்சம் இறுக்குவார், அச்சை விரலால் உருட்டிப் பார்ப்பார், கால் சுற்றுத் தளர்த்துவார், திரும்ப உருட்டுவார். மாட்டும்போது மரையிலும் கிரீஸ் தடவினார். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்று பையனுக்குக் கன்னடத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே மாட்டினார்.

பில் ஒரு ரூல் போட்ட நோட்டுத் தாள். "அதிர்வு பார்த்தது – 300. கண்ணி – 150. பெடல் – 350." மொத்தம் 800. முதல் வரிதான் எனக்குப் பிடித்தது. கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனியாகக் காசு வாங்குவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அந்த 300 ரூபாய் கிடைத்தால்தான் தேவையில்லாத சாமானை விற்றுச் சம்பாதிக்க வேண்டிய அவசியம் ஒரு மெக்கானிக்குக்கு வராது. சைக்கிள் ரிப்பேரில் மூளை வேலைக்குக் கூலி கிடையாது என்ற பழக்கம் நம் ஊர்களில் ஊறிப்போயிருக்கிறது. அதற்கு மேல் பேரம் பேசுவதும் நடக்கிறது. என் கண் முன்னாலேயே ஒருவர் "பாத்ததுக்கு எல்லாம் காசா?" என்று சண்டை போட்டார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குறைகளும் உண்டு. போனை எடுக்கவே மாட்டார். என்றைக்கு வண்டி கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டார். சொன்ன நாளுக்கு மேலேயே ஆனது. உட்கார இடம் கிடையாது, சந்துக்குள் கார் நுழையாது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வேலையை எடுப்பதில்லை, அதற்கான சாமான் கையில் இல்லையாம். உதிரி பாகம் எதுவும் ஸ்டாக் வைத்துக்கொள்வதில்லை. எது வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார், நாம்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவசரமாக இருப்பவர்களுக்கும் கார்பன் சட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இது சரியான இடம் இல்லை.

போவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள், அப்போதுதான் நின்று பேச நேரம் இருக்கும். திங்கட்கிழமை மூடியிருக்கும். எந்த ரோட்டில், எந்தக் கியரில், உட்கார்ந்தா நின்றா, மிதித்தால் மட்டுமா உருளும்போதுமா என்று இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் கேட்பார். சமீபத்தில் ஏதாவது மாற்றியிருந்தால் அந்தப் பில்லையும் எடுத்துப் போங்கள். வண்டியைக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போவது முக்கியம். சேறோடு போனால் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.