வேலிக்குக் கொடி: ஐந்தாம் ஆண்டிலும் தாக்குப்பிடிப்பது எது?

நர்சரியில் கொடியைத் தேர்ந்தெடுக்கும்போது கண் பூவின் மேல்தான் போகும். வேலிக்கு நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்மானிப்பதோ அது எப்படிப் பற்றி ஏறுகிறது என்பது. தண்டால் சுற்றி ஏறும் கொடியைப் பலகை வேலியோரம் நட்டால், பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் அடியிலேயே தன்னைத் தானே முறுக்கிக்கொண்டு கிடக்கும். பற்றுக்கம்பி (பிடித்துச் சுற்றும் மெல்லிய சுருள் இழை) விடும் கொடிக்குப் பென்சிலைவிடத் தடித்த பிடி உதவாது. வேர்விட்டு ஒட்டுபவை சுவருக்கானவை. காகிதப்பூவும் கிளைம்பிங் ரோஸும் உண்மையில் கொடிகளே அல்ல, நீளக் கிளைவிடும் புதர்கள். கட்டிவிட்டால் நிற்கும், விட்டால் வழியில் போகிறவரைக் கீறும்.

வலைக்கம்பி வேலியில் இந்தச் சிக்கல் குறைவு. பலகை வேலிக்கு 2 மி.மீ. கால்வனைஸ்டு கம்பியைக் கிடையாக, 40 செ.மீ. இடைவெளியில், பலகையை விட்டு 5 செ.மீ. தள்ளி இழுக்க வேண்டும். அந்த 5 செ.மீ. விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கொழுந்து பின்பக்கம் போய்ச் சுற்றி வர அதுதான் இடம்; மழைக்குப்பின் மரம் காய்வதற்கும் அதுதான் வழி.

சீக்கிரம் மூட வேண்டுமென்றால் சங்குப்பூ. விதையின் தோலை லேசாக உரசி, ஓர் இரவு ஊறவைத்து, 2 செ.மீ. ஆழத்தில் 30 செ.மீ.க்கு ஒன்றாக ஊன்றினால், நல்ல வெயிலில் மூன்று நான்கு மாதங்களில் ஆளுயர வேலி பச்சையாகிவிடும். ஆனால் இரண்டாம் ஆண்டிலிருந்தே அடி குச்சியாகி, காய்ந்த நெற்றுகள் தொங்க ஆரம்பிக்கும். கவாத்து செய்து காப்பாற்றுவதைவிடப் பிடுங்கிவிட்டுப் புதிதாக விதைப்பது மேல். நிலையான கொடி வளர்ந்து வரும்வரை இடத்தை நிரப்ப இதைவிட நல்ல செடி கிடையாது.

அடர்த்தி என்று பார்த்தால் ரங்கூன் மல்லிக்குத்தான் முதலிடம், வேலை வாங்குவதிலும் அதற்கே. வெள்ளையாய் விரிந்து இளஞ்சிவப்பாகி, பிறகு சிவந்துவிடும் பூக்கள், மாலையில் மணம். 2 மீட்டருக்கு ஒன்று போதும், நெருக்கி நட்டால் மூன்றாம் ஆண்டில் வெட்டி மாளாது. உதிர்ந்த இலைகளின் காம்படி கூர்முள்ளாகத் தண்டிலேயே தங்கிவிடும், ஆகவே கையுறை இல்லாமல் இதைத் தொட வேண்டாம். வேரிலிருந்து பக்கக்கன்றுகளும் கிளம்பும். பூ புதுக்கிளையில்தான் வரும் என்பதால், பூத்து முடிந்ததும் தயங்காமல் பாதியாக வெட்டலாம்.

காகிதப்பூ பூக்கவில்லை என்றால் பெரும்பாலும் கவனிப்பு கூடிப்போனதுதான் காரணம். தழைச்சத்தும் தண்ணீரும் அதிகமானால் இலையாகத் தள்ளும். ஆறு மணி நேர வெயில், மண் காய்ந்த பிறகே தண்ணீர், 30 செ.மீ.க்கு ஒரு கட்டு: இது போதும். நைலான் கயிறு தண்டு பருக்கும்போது உள்ளே வெட்டி இறங்கும். பழைய பருத்தித் துணிக் கீற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.

கிரீப்பிங் ஃபிக் என்று விற்கும் குட்டி இலைக் கொடி முதல் ஆண்டு அசையவே அசையாது. பொறுத்திருந்தால் சுவரில் பச்சைப் பாய் விரித்தாற்போல் படியும். பிறகுதான் தொல்லை: முதிர்ந்ததும் பெரிய இலையோடு கட்டையான கிளைகளை வெளிப்பக்கம் நீட்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சுவரோடு ஒட்ட வெட்டாவிட்டால் முதலில் இருந்த அழகு திரும்பாது. பூச்சு உதிரும் சுவரிலும் மர வேலியிலும் இதை ஏற்றவே கூடாது.

கோரல் வைன் அழகுதான். ஆனால் மண்ணுக்கடியில் கிழங்கு வைப்பதால் மேலே எத்தனை முறை வெட்டினாலும் திரும்பத் துளிர்க்கும், பக்கத்து வீட்டிலும்தான். பூண்டுக்கொடி அப்படியில்லை. மெதுவாக ஏறும், ஆண்டு முழுவதும் இலை நிற்கும், கசக்கினால் பூண்டு வாடை அடிக்கும். ஐந்தாம் ஆண்டிலும் வேலியை வளைக்காமல் இருக்கும் கொடி வேண்டுமென்றால் முதல் தேர்வு இதுவே.

எந்தக் கொடியானாலும் வரும் பொதுப் புகார், மேலே காடு, கீழே மொட்டை. கொடியின் வளர்ச்சி நுனிக்கே ஓடுவதால் நிமிர்ந்து ஏறவிட்ட தண்டு அடியில் கிளைக்காது. கன்று 30 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி, வரும் மூன்று நான்கு கிளைகளை விசிறிபோல் சாய்த்துக் கிடையாகக் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர்க்கும். இதை முதல் ஆறு மாதத்தில் செய்ய வேண்டும். தண்டு முற்றியபின் வளைத்தால் முறியும்.

குழியை வேலிக்கு ஒட்டித் தோண்ட வேண்டாம். வேலியடியில் மழை சரியாக விழாது, கம்பத்தின் கான்கிரீட்டும் வேருக்கு இடைஞ்சல். 40 செ.மீ. தள்ளி நட்டு, ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தால் கொடி தானே போய்ச் சேரும். வலை வேலியில் தண்டைக் கண்ணிக்குள் நுழைத்து நுழைத்துப் பின்னாதீர்கள். பருத்த தண்டு கம்பியை விழுங்கிவிடும், பிறகு வேலியை அறுக்காமல் கொடியை எடுக்க முடியாது. முழுதாக மூடிய வேலி காற்றுக்குக் கப்பல் பாய் மாதிரி, நனைந்துவிட்டால் பாரமும் சேரும். ஆடுகிற கம்பத்தைக் கொடி நடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், கொடி ஏறிய பிறகு அதன் அடியைப் பார்க்கவே வழியிருக்காது.