பூமிக்கடியில் ஒரு மதியம்: சான் கிளெமென்தேவா, நீரோவின் பொன் மாளிகையா?

ரோமில் கொலோசியத்தைப் பார்த்து முடித்த கையோடு ஒரு மதியம் மிச்சம் இருக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. நடந்தே போகக்கூடிய தூரத்தில், மண்ணுக்குள் இறங்கிவிட இரண்டு வழிகள் உண்டு: ஒன்று சான் கிளெமென்தே தேவாலயம், மற்றொன்று ஓப்பியன் குன்றுக்குள் புதைந்து கிடக்கும் டோமுஸ் ஔரியா, அதாவது நீரோ மன்னனின் பொன் மாளிகை. பேரும் புகழும் இரண்டாவதற்குத்தான். என் ஓட்டு முதலாவதற்கு.

சான் கிளெமென்தே வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. உள்ளே போனால் 12ஆம் நூற்றாண்டுக் கோயிலும் அதன் பொன்னிற மொசைக்கும். அதைப் பார்க்கக் காசு வேண்டாம். பக்கத்தில் டிக்கெட் வாங்கிப் படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுக் கோயில். மேலே உள்ளதைக் கட்டுவதற்காக இதை இடிபாடுகளால் நிரப்பி மூடிவிட்டார்கள். பிறகு எல்லோரும் மறந்தும் போனார்கள். இங்கே பொறுப்பிலிருந்த அயர்லாந்துத் துறவி ஜோசப் மல்லூலி 1857இல் தோண்டத் தொடங்கிய பிறகுதான் மேலே உள்ளது பழைய கோயில் அல்ல என்று தெரிந்தது.

இந்தக் கீழ்க்கோயிலில் ஒரு சுவரோவியத்தின் முன் நான் வெகுநேரம் நின்றேன். இந்தக் கோயிலுக்குப் பெயர் தந்த, ஆதிகாலப் போப்பான புனித கிளெமென்டைக் கட்டி இழுத்துப் போகும்படி சிசினியஸ் என்ற பிரபு ஆட்களை ஏவுகிறான். அற்புதத்தால் மதி மயங்கிய அவர்கள் ஒரு தூணைக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓவியத்திலேயே வசனமும் எழுதியிருக்கிறது. புனிதர் லத்தீனில் பேசுகிறார். பிரபுவோ, "வேசி மக்களே, இழுங்கள்!" என்று தெருப் பேச்சில் கத்துகிறான். 11ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த இந்த வசை, இத்தாலிய மொழி எழுத்தில் ஏறிய மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. மேடையில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசும் நமக்கு இந்த வேடிக்கையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒரு படிக்கட்டு இறங்கினால் பழைய ரோமின் தரைமட்டம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஆள் ஒருவர் நடக்கிற சந்து. ஒரு பக்கத்துக் கட்டடத்துக்குள், பழைய ரோமானியர் சிலர் கும்பிட்ட மித்ரன் என்ற கடவுளுக்கான வழிபாட்டு அறை: தாழ்ந்த வளைகூரை, இருபுறமும் கல் திண்ணைகள், நடுவே மித்ரன் காளையைக் கொல்லும் பலிபீடம். எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கூடவே வருகிறது. ஒரு காலத்தில் இந்தத் தளமே நீரில் மூழ்கிக் கிடந்தது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்புதான், அரைக் கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கம் வெட்டி, நீரைப் பழைய ரோமானியச் சாக்கடையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

டோமுஸ் ஔரியாவைப் புதைத்தது மறதி அல்ல, அரசியல். கி.பி. 64இல் நகரம் எரிந்த பிறகு நீரோ இதைக் கட்டினான், 68இல் இறந்தான். பின்னர் வந்த பேரரசன் டிராஜன் அறைகளை மண்ணால் நிரப்பி, அதையே அடித்தளமாக்கிப் பொதுக் குளியல்கூடம் எழுப்பினான். நீரோமேல் இருந்த வெறுப்பில் போட்ட மண்தான் ஓவியங்களைக் காத்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் குன்றின் மேல் துளை கண்ட ஓவியர்கள் கயிறு கட்டி உள்ளே இறங்கினார்கள். மண் கூரை வரை நிரம்பியிருந்ததால் தவழ்ந்தே போய், முகத்துக்கு நேரே இருந்த கூரை ஓவியங்களைப் படியெடுத்தார்கள். தங்கள் பெயர்களையும் கிறுக்கிவிட்டார்கள். இன்று மண்ணை அகற்றிய அறைகளில் நாம் கீழே நிற்கிறோம். அந்தக் கையெழுத்துகளோ அண்ணாந்து பார்க்கும் உயரத்தில்! புகழ்பெற்ற ஓவியர் ரஃபேலும் இங்கே வந்தவர்தான். குகை என்ற பொருள் தரும் குரோத்தா என்ற சொல்லிலிருந்தே இந்தக் கொடி, விலங்கு, மனித உருக்கள் பின்னிய பாணிக்கு குரோத்தெஸ்கா என்று பெயர் வந்தது.

எண்கோண அறை, அதன் உச்சித் துளையிலிருந்து விழும் வெளிச்சம், அந்த அளவு... சான் கிளெமென்தேவில் இதற்கு ஈடே கிடையாது. ஆனால் இங்கே கால் நம்முடையது, நடை வழிகாட்டியுடையது. முன்பதிவு, தலைக்கவசம், குழுவோடு ஓட்டம். பெரும்பாலும் வார இறுதியை ஒட்டிய நாட்களில் மட்டுமே அனுமதி. நடுவில் உட்காரவைத்து மெய்நிகர் கண்ணாடி மாட்டுகிறார்கள்; பளிங்கும் பொன்னும் திரையில் மின்னுகின்றன. கழற்றிய பிறகு எதிரே இருக்கும் அசல் செங்கல் ஏனோ ஏமாற்றமாகத் தெரிகிறது. அது அந்தச் செங்கலுக்குச் செய்யும் அநியாயம். கோடையிலும் உள்ளே குளிர் எலும்பில் ஏறும். ஸ்வெட்டர் இல்லாமல் போன நான் பாதி விளக்கத்தைக் கைகளைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தின் அடியிலுள்ள கல்லறைத் தெருவும் உண்டு. ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்து இடம் பிடிக்க வேண்டும். திடீரென்று கிடைத்த மதியத்துக்கு அது ஆகாது.

சான் கிளெமென்தேவில் வழிகாட்டி கட்டாயமில்லை. ஓர் ஓவியத்தின் முன் அரை மணி நேரம் நின்றாலும் யாரும் விரட்டமாட்டார்கள். தோள் மூடிய உடை வேண்டும். அடித்தளத்தில் படம் எடுக்கக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் படிகளை யோசித்துக்கொள்ளுங்கள். கூட வருபவர் படம் வரைகிறவராக இருந்தால், அவரை நீரோவிடம் அனுப்பிவிடுங்கள். ஸ்வெட்டரைக் கையில் கொடுத்து.