வான்வழிக் கட்டுப்பாடு: அரசு, கனடா வழி, பிரிட்டன் வழி

தரையிலிருந்து விமானங்களுக்கு வழிகாட்டும் வான்வழிக் கட்டுப்பாடு தனியாரிடம் போனால் விமானங்கள் மோதும் என்று ஒரு தரப்பு பயமுறுத்துகிறது, அரசிடம் இருப்பதால்தான் கருவிகள் பழசாகிக் கிடக்கின்றன என்று மறு தரப்பு சொல்கிறது. நான் முதலில் பார்ப்பது வேறு: வேலையைச் செய்பவரும் அதைக் கண்காணிப்பவரும் ஒருவரேதானா?

அமெரிக்காவில் ஆமாம், இரண்டுமே எஃப்ஏஏ என்ற அரசு விமானப் போக்குவரத்து அமைப்புதான். பணத்துக்கு நாடாளுமன்றத்தை நம்பியிருக்க வேண்டும். விமானங்களுக்கு வழி சொல்லும் கண்ட்ரோலர் தவறு செய்தால் 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு மீது வழக்குப் போடலாம், ஆனால் கொள்கை முடிவால் வந்த குறை என்று அரசு காட்டிவிட்டால் தப்பித்துக்கொள்ளும்.

கனடா 1996இல் 150 கோடி கனடிய டாலருக்கு இதை நவ் கனடா என்ற தனி நிறுவனத்துக்கு விற்றது. பங்குதாரர் கிடையாது, லாபம் பிரிப்பதும் கிடையாது, கண்காணிப்பு அரசுத் துறையிடமே இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான். ஒரே பலவீனம், வருமானம் முழுக்கக் கட்டணத்தில் வருவதால் 2020இல் விமானங்கள் நின்றபோது கட்டணத்தைக் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏற்ற வேண்டி வந்தது.

பிரிட்டனிலும் கண்காணிப்பு தனி அமைப்பிடம்தான். ஆனால் 2001இல் நாட்ஸ் என்ற வான்கட்டுப்பாட்டு நிறுவனத்தில் விமான நிறுவனங்களின் கூட்டணிக்கு 46 சதவீதமும் ஊழியர்களுக்கு 5 சதவீதமும் கொடுத்து, அரசு 49 சதவீதத்தை வைத்துக்கொண்டது. சில மாதங்களிலேயே அமெரிக்காவில் நடந்த செப்டம்பர் 11 தாக்குதலால் பயணம் குறைய, கடனோடு தொடங்கிய நிறுவனத்தை அரசு கைதூக்கிவிட வேண்டியதாயிற்று. 2023 ஆகஸ்ட் 28இல் ஒரே ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தைப் படிக்க முடியாமல் முதன்மைக் கணினி, மாற்றுக் கணினி இரண்டும் நின்றன. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தவித்தார்கள், அவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கும் செலவு விமான நிறுவனங்கள் தலையில் விழுந்தது.

சரி, உயிரே போனால் யார் பொறுப்பு? 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபெர்லிங்கன் மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் குழந்தைகள். அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டது ஸ்கைகைட், சுவிஸ் அரசு கையில் இருந்தாலும் கம்பெனியாக நடத்தப்பட்ட அமைப்பு. சக ஊழியர் ஓய்வுக்குப் போயிருக்க, ஒரே கண்ட்ரோலர் இரண்டு திரைகளைக் கவனித்தார், பராமரிப்பு வேலைக்காக முக்கியத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தது. 2006இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகர நீதிமன்றம் பொறுப்பை ஜெர்மன் அரசின் மீது வைத்தது: வான்பாதுகாப்பு அரசின் கடமை, அதை அயல்நாட்டுக் கம்பெனியிடம் விட்டதற்குச் செல்லத்தக்க ஒப்பந்தமே இல்லை. அதே ஆண்டு ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஹோர்ஸ்ட் கோலர், தங்கள் நாட்டு வான்கட்டுப்பாட்டைத் தனியாருக்கு விற்கும் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று கையெழுத்துப் போட மறுத்தார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். விற்பதற்கு முன்பே இழப்பீடு யார் கொடுப்பது, எந்த நாட்டு நீதிமன்றத்தில் என்று எழுதி வைக்காவிட்டால், குழந்தையை இழந்தவர்கள்தான் அந்தக் கேள்விக்கு ஆண்டுக்கணக்கில் வழக்காடி விடை தேட வேண்டியிருக்கும்.