முதல் கார்ட் ரேஸ்: ஸ்பிரின்டா, எண்டூரன்ஸா, டூ-ஸ்ட்ரோக்கா?

வார இறுதிகளில் கார்ட் எனும் குட்டிப் பந்தய வண்டியை ஓட்டிப் பழகி, லேப் நேரம் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்) கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததும் பலருக்கும் அடுத்த ஆசை வந்துவிடும்: ஒரு ரேஸில் இறங்கிப் பார்க்கலாமே! தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் வசதி அதிகம். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று மோட்டார் பந்தயம் ஊறிப்போன இடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. எந்த வகை ரேஸில் இறங்குவது என்பதில்தான் குழப்பம். வாடகை கார்ட்டில் தனியாகக் கொஞ்ச நேரம் ஓட்டும் ஸ்பிரின்ட், அதே கார்ட்டில் அணியாக நீண்ட நேரம் ஓட்டும் எண்டூரன்ஸ், டூ-ஸ்ட்ரோக் ரேஸ் கார்ட் என்று மூன்று வழிகள். என் கட்சி எண்டூரன்ஸ். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வண்டிகள். வாடகை கார்ட்டில் பெரும்பாலும் ஹோண்டாவின் ஜிஎக்ஸ் வகை ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் இருக்கும். ஜிஎக்ஸ்270 என்றால் 270 சிசி. திறன் ஒன்பது குதிரைத்திறனை ஒட்டி. சுற்றிலும் பம்பர் உண்டு. ரேஸ் கார்ட்டில் நம் நாட்டில் நன்கு தெரிந்த இன்ஜின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் மேக்ஸ். டூ-ஸ்ட்ரோக் வகை. அது 125 சிசிதான், ஆனால் சீனியர் பிரிவில் சுமார் 30 குதிரைத்திறன் தரும். சிசியை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம்.

இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, பின்சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் பூட்டியவை, ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் திருப்பத்தில் உள்பக்கப் பின்சக்கரம் தரையிலிருந்து லேசாக எழும்பினால்தான் வண்டி லகுவாகத் திரும்பும். இல்லாவிட்டால் டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். வாடகை கார்ட்டில் இந்தத் தேய்மானம் உடனே தண்டனையாக வரும். ஸ்டீயரிங்கைத் தேவைக்கு மேல் திருப்பி டயரைக் கதறவிட்டால் போன வேகத்தை ஒன்பது குதிரைத்திறனால் சட்டென்று மீட்க முடியாது. அடுத்த நேர்ப்பாதை முழுக்க அந்தக் கடனை அடைக்க வேண்டியிருக்கும். புதியவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. வாடகை வண்டி என்று இளக்காரமாகப் பேசுபவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

சரி, ஸ்பிரின்ட். சீட்டுக் குலுக்கி வண்டி தருவார்கள், யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று முடிவு செய்ய சில நிமிடம் தகுதிச் சுற்று, அப்புறம் பத்துப் பதினைந்து லேப் ரேஸ். செலவு குறைவு, அரை நாளில் முடிந்துவிடும், முழு நேரமும் நீங்களே ஓட்டலாம். இதெல்லாம் நிஜமான நன்மைகள்தான். சிக்கல் முதல் திருப்பத்தில். தனியாகப் பழகும்போது ஓர் இடத்தில் பிரேக் பிடித்துப் பழகியிருப்பீர்கள். ரேஸில் உங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வேகத்தைக் குறைக்கும். முன்னால் போகிறவர் கொஞ்சம் குறைத்தால் பின்னால் வருகிறவர் இன்னும் அதிகம் குறைக்க வேண்டும். வரிசையின் கடைசியில் வண்டிகள் கிட்டத்தட்ட நின்றேவிடும். வழக்கமான இடம் வரை காத்திருந்து பிரேக் பிடிப்பவர் நேராக முன்னால் இருப்பவரின் பம்பரில் போய் முட்டுவார். ஒரு முறை சுழன்று நின்றால் எல்லோரும் போய்விடுவார்கள். மீதி லேப்களில் துரத்திப் பிடிக்க நேரம் இருக்காது, தனியாகத்தான் சுற்ற வேண்டும். ரேஸ் கற்றுக்கொள்ள வந்தவருக்கு அது பெரிய நஷ்டம்.

எண்டூரன்ஸில் இதே திருப்பம் வேறு மாதிரி. ஒரு மணி நேரமோ, பல மணி நேரமோ ஓடும் ரேஸ் என்பதால் முதல் லேப்பில் இடம் பிடிக்க யாருக்கும் அவ்வளவு அவசரம் இல்லை. ஆட்களை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அதற்காக வண்டியை நிறுத்தும் இடமான பிட்டுக்குள் எத்தனை முறை கட்டாயம் வர வேண்டும் என்பதும் விதியில் இருக்கும். நன்றாக ஓட்டுகிறவர்கள் உங்களை ஒரு லேப் முந்திப் போவார்கள். நீலக் கொடி காட்டியதும் வழிவிடுங்கள், ஆனால் விட்டதும் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். அவர் எங்கே பிரேக் பிடிக்கிறார், எந்த இடத்தில் உள்பக்கத்தைத் தொடுகிறார், ஸ்டீயரிங்கை எவ்வளவு சீக்கிரம் நேராக்குகிறார் என்பதெல்லாம் இரண்டே திருப்பத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். காசு கொடுத்தாலும் இவ்வளவு பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைக்காது.

குறையும் உண்டு. ஓட்டும் நேரம் பங்கு போகும். வெயிலில் நீண்ட நேரம் ஓட்டினால் முன்கை இறுகிப்போய் விரல் விரிக்க வராது. பயத்தில் ஸ்டீயரிங்கை நெரித்துப் பிடிப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். உடல் எடையும் முக்கியம். எடைக்கட்டி வைத்துச் சமன் செய்யும் போட்டியா என்று பெயர் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் கனமானவர் நேர்ப்பாதைகளில் ஒவ்வொரு லேப்பும் பின்தங்குவார்.

டூ-ஸ்ட்ரோக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வயதுவந்த புதியவருக்கு முதல் ரேஸாக அதை நான் சொல்லமாட்டேன். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் உரிமம், ரேஸ் உடை, விலா எலும்பைக் காக்கும் கவசம், மெக்கானிக், பெட்ரோலில் கலக்கும் ஆயில், டயர் செட் என்று பட்டியல் நீளும். இன்ஜினுக்கு சீல் வைத்திருப்பார்கள், அங்கீகரித்த இடத்தில்தான் பிரிக்க முடியும். கவசத்தை மட்டும் யாரும் அலட்சியம் செய்யாதீர்கள். பிடிமானம் அதிகமான டயரில் திருப்பத்துக்குத் திருப்பம் உடல் சீட்டின் ஓரத்தில் இடித்துக்கொண்டே இருக்கும். விலா வலி வந்தவர்கள் வாரக்கணக்கில் திரும்பிப் படுக்க முடியாமல் தவிப்பார்கள். ரேஸ் தொடங்கும் வரிசையான கிரிட்டில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் சின்ன வயதிலிருந்து ஓட்டுகிறவராகவும் இருப்பார்.

குழந்தைகள் விஷயம் வேறு. ரோட்டாக்ஸில் மைக்ரோ, ஜூனியர் என்று வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு. பிள்ளைக்கு நிஜமாகவே ஆர்வம் இருந்து, வீட்டில் வசதியும் இருந்தால் அந்த வழி சரியானது. ஆனால் 'இப்போதே சேர்க்காவிட்டால் எல்லாம் போச்சு' என்று பெற்றோர் பதற வேண்டாம். கோவையின் நரேன் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி காரில் ஓட்டியவர். 2005ல் ஃபார்முலா ஒன் வரை போனார். இன்று அந்த மட்டத்துக்குப் போகிறவர்கள் சிறுவயதிலேயே கார்ட்டில் தொடங்குகிறார்கள் என்பதும் உண்மைதான்.

எண்டூரன்ஸை நான் இவ்வளவு தூக்கிப் பேச இன்னொரு காரணம், ரேஸ் முடிந்ததும் கையில் கிடைக்கும் லேப் நேரத் தாள். ஸ்பிரின்டில் பின்தங்கினால் வண்டி சரியில்லையா, நாம் சரியில்லையா என்று தெரியாது. எண்டூரன்ஸில் வண்டி மாற்றாத போட்டி என்றால், அதே வண்டியை, அதே நாளில், உங்கள் அணிக்காரரும் ஓட்டியிருப்பார். இருவர் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிக வேகமான லேப்பை விட்டுவிடுங்கள். அடுத்தடுத்த பத்து லேப்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கவனியுங்கள். உங்களுடையது ஒரு வினாடிக்கு மேல் ஏறி இறங்குகிறது, அவருடையது அரை வினாடிக்குள் நிற்கிறது என்றால், அடுத்ததும் எண்டூரன்ஸாகவே இருக்கட்டும். இருவருடையதும் ஒட்டி நின்றால் ஸ்பிரின்டுக்குப் பெயர் கொடுக்கலாம்.