நான்கு கார்புரேட்டர்களுக்கு ஒரே மூச்சு: பதினோரு ஆண்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டின் சுசூகி பேண்டிட் 600 மோட்டார் சைக்கிள். நான்கு சிலிண்டர், அவற்றுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்ப நான்கு மிக்குனி கார்புரேட்டர். லண்டனின் வடமேற்கு ஓரத்தில், வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் பதினோரு ஆண்டுகளாக அவற்றை நானே சமன்செய்து வருகிறேன். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை அளந்து ஒப்பிடுவதுதான் முறை. அதற்கு இதுவரை மூன்று வகைக் கருவிகளைப் பயன்படுத்திவிட்டேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது 'எவ்வளவு துல்லியம்?' என்றுதான். கேட்க வேண்டியது வேறு: நான்கு அளவிகளும் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா?

சமன்செய்தல் என்பது, கார்புரேட்டர்களில் காற்றை அளந்து விடும் நான்கு த்ராட்டில் வால்வுகளும் ஒரே அளவு திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது. ஐடிலில், அதாவது த்ராட்டிலைத் திருகாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, அந்தத் திறப்பு மயிரிழை அளவுதான். அங்கே ஒரு வால்வு சற்றே கூடுதலாக மூடியிருந்தாலும் அந்த சிலிண்டருக்குப் போகும் காற்றில் பெரிய பங்கு குறைந்துவிடும். த்ராட்டிலை முழுதாகத் திறந்த பிறகு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. ஆகவே இந்த வேலையால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிக்னலில் நிற்கும்போது கைப்பிடியில் வரும் நடுக்கம் அடங்கும், மெதுவான நெரிசலில் வண்டி வெட்டி வெட்டி இழுக்காது. லண்டன் போக்குவரத்தில் அதுவே பெரிய நிம்மதி.

முதலில் வாங்கியது நான்கு வட்ட முள் அளவிகள் கொண்ட மலிவான தொகுப்பு. எந்தத் தயாரிப்பு என்பது முக்கியமில்லை, அப்படிப்பட்டவை நிறையவே கிடைக்கின்றன. நான்கு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும்வரை, கார்புரேட்டர்களுக்கு இடையே உள்ள சமன்செய்யும் திருகுகளைத் திருப்பினேன். வண்டி முன்பைவிட மோசமாக நடுங்கியது. இரண்டு வார இறுதிகள் போன பிறகுதான் நான்கு அளவிகளையும் ஒவ்வொன்றாக ஒரே சிலிண்டரில் மாட்டிப் பார்த்தேன். ஒன்று 21 செ.மீ. பாதரசம் (வெற்றிடத்தின் அலகு) காட்டிய இடத்தில் இன்னொன்று 23க்கு மேல் காட்டியது. கவாசாக்கியின் பல கையேடுகள் சிலிண்டர்களுக்கு இடையே அனுமதிக்கும் மொத்த வித்தியாசமே 2 செ.மீ. பாதரசம்தான். என் அளவிகளின் பிழை மட்டுமே அதை விழுங்கிவிட்டது. முள் அளவி வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு திருகையும் தொடாதீர்கள். வித்தியாசத்தை ஒவ்வொரு அளவியின் முகப்பிலும் எழுதி ஒட்டிவிட்டால் அதே தொகுப்பை வைத்தே வேலையை முடிக்கலாம்.

அடுத்தது நானே செய்தது. ஒன்றேகால் மீட்டர் பலகை, அதன்மேல் யூ வடிவில் வளைத்த ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய், பாதிவரை டூ ஸ்ட்ரோக் எண்ணெய். இரு முனைகளையும் இரண்டு சிலிண்டர்களில் மாட்டினால், வெற்றிடம் அதிகமுள்ள பக்கம் எண்ணெய் ஏறும். இதில் அளவி பொய் சொல்ல வழியே இல்லை. இரண்டு பக்கமும் இழுப்பது ஒரே புவியீர்ப்பு. பாதரசம் எண்ணெயைவிட ஏறக்குறைய 15 மடங்கு கனமானது. ஆகவே 1 செ.மீ. பாதரச வித்தியாசம் இங்கே 15 செ.மீ. உயரமாகத் தெரியும். செலவு குறைவு, நுட்பம் அதிகம். ஆனால் சமநிலை வெகுவாகத் தவறியிருந்தால் எண்ணெய் நேரே எஞ்சினுக்குள் போய்விடும். எனக்கு ஒருமுறை போனது, கொட்டகை முழுவதும் நீலப் புகை. டூ ஸ்ட்ரோக் எண்ணெய் என்பதால் எரிந்து தீர்ந்தது. அதற்குப் பிறகு இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணாடிக் குப்பியை இடையில் வைத்தேன். எண்ணெய் ஏறினாலும் குப்பியில்தான் விழும்.

பழைய மெக்கானிக்குகளின் பாதரசக் குழாய்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, பாதரச மேனோமீட்டர்களை (அழுத்த அளவிகளை) சந்தையிலிருந்து விலக்க 2020ஐக் கெடுவாக வைத்தது. வீட்டில் கொட்டினால் அள்ளி முடியாத நஞ்சு அது.

இப்போது ஒன்பது ஆண்டுகளாகக் கையில் இருப்பது வட அயர்லாந்தில் செய்யப்படும் மோர்கன் கார்ப்ட்யூன். நான்கு குழாய்களுக்குள் நான்கு எஃகுக் கம்பிகள், திரவம் கிடையாது. நேராகத் தொங்கவிட்டால் போதும், வெற்றிடத்துக்கு ஏற்ப கம்பி மேலே ஏறும். உயரமாக நிற்கும் கம்பிக்கு உரிய த்ராட்டில் வால்வு அதிகமாக மூடியிருக்கிறது என்று பொருள். ரப்பர் குழாய்களில் செருகும் சிறு தடுப்பான்கள்தான் எனக்கு மிகப் பிடித்தவை. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் துள்ளும் கம்பியை அவை அடக்கிவிடுகின்றன. துள்ளும் முள்ளை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் படிக்க முடியாது. விலை ஒரு பின் டயரைவிடக் குறைவு. இரண்டு சிலிண்டர் வண்டி மட்டும் வைத்திருப்பவருக்கு எண்ணெய்ப் பலகையே போதும் என்று இன்றும் சொல்வேன். நான்கு சிலிண்டருக்கு நான்கையும் ஒரே பார்வையில் காண்பது அத்தனை வசதி.

வேலைக்கு முன் எஞ்சின் வால்வுகளின் (த்ராட்டில் வால்வுகள் அல்ல) இடைவெளியைச் சரிபார்த்தே ஆக வேண்டும். என் வண்டிக்கு உள்வால்வு 0.10 முதல் 0.15 மி.மீ., வெளிவால்வு 0.18 முதல் 0.23 மி.மீ. இறுகிய வால்வின் குறையைக் கார்புரேட்டர் திருகால் மறைத்தால், அடுத்த சர்வீஸில் எல்லாம் மீண்டும் கலையும். கார்புரேட்டர்களை எஞ்சினோடு இணைக்கும் இன்டேக் ரப்பர்களில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் டேங்கைக் கழற்றுவதால் சிறு குப்பியில் தனியாக பெட்ரோல் தொங்கவிட வேண்டும். அது சூடான எஞ்சினுக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. இந்த எஞ்சின் காற்றாலும் எண்ணெயாலும் குளிர்வது. நின்ற இடத்தில் நீண்ட நேரம் ஓடினால் கொதிக்கும், அதனால் முன்னால் ஒரு பெரிய மின்விசிறி. கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். எஞ்சின் புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

ஐடிலை நிமிடத்துக்கு 1,200 சுற்றில் நிறுத்தி, முதலில் 1ஆம், 2ஆம் கார்புரேட்டர்களுக்கு இடையிலான திருகு, பிறகு 3க்கும் 4க்கும் இடையிலானது, கடைசியாக இரு ஜோடிகளையும் இணைக்கும் நடுத்திருகு. கால் சுற்றே பெரிய மாற்றம் தரும். ஒவ்வொரு முறையும் த்ராட்டிலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இணைப்புகள் தம் இடத்தில் அமர்ந்த பிறகு படியுங்கள். நீளமான மெல்லிய ஸ்குரூ டிரைவர் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் ராஜ்தூத் 350 வைத்திருக்கும் நண்பர் தனக்கும் ஒரு கார்ப்ட்யூன் அனுப்பச் சொன்னார். வேண்டாம் என்றேன். அந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இந்த முறை ஒத்துவராது. அங்கே இரு கார்புரேட்டர்களின் ஸ்லைடும் (மேலெழுந்து காற்று வழியைத் திறக்கும் பாகம்) ஒரே நொடியில், ஒரே உயரத்துக்கு எழுகின்றனவா என்று பார்த்து கேபிளைச் சரிசெய்வதுதான் முறை. ஸ்லைடுக்கு அடியில் செருக ஒரே தடிமனில் இரண்டு டிரில் பிட் போதும். எண்ணெய் பம்பின் கேபிளையும் அப்போதே பார்த்துவிடச் சொன்னேன்.

கடைசி முறை அளந்தபோது நான்கு கம்பிகளும் அரை சென்டிமீட்டருக்குள் நின்றன. திருகு எதையும் தொடவில்லை. அளவிக் குழாய்களைக் கழற்றி, துளைகளை மூடும் திருகுகளுக்குப் புது வாஷர் போட்டு மூடினேன். அங்கே சிறிது காற்று கசிந்தாலும் அந்த சிலிண்டர் ஐடிலில் தடுமாறும்.