ஐந்து கட்டைக்கு ஓர் ஆக்டேவ் மாண்டலின்: சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அனுபவம்

மாண்டலினின் பெரிய உருவமான ஆக்டேவ் மாண்டலின் வாங்கலாமா என்று கேட்பவர்கள் பிராண்டுப் பெயரில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கோல்ட் டோனா, ட்ரினிட்டி காலேஜா, ருமேனியாவின் ஹோராவா என்று. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடுகிறீர்கள்?

நான் ஐந்து கட்டை. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் புரட்டாசிச் சனிக்கிழமை பஜனைக்கும் பாடுவேன். கோயிலில் ஹார்மோனியம் வாசிக்க ஒரு தாத்தா இருக்கிறார், மிருதங்கத்துக்கு இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து பாடவும், யார் வீட்டுப் பூசைக்காவது காரில் போட்டு எடுத்துப் போகவும் ஒரு தந்தி வாத்தியம் தேடினேன். வீணை வைக்க வீட்டில் இடம் இல்லை. அதைக் கற்றுக்கொள்ளும் பொறுமையும் எனக்கு இல்லை. அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்தக் கருவி. சில கோடையும் சில குளிர்காலமும் பார்த்துவிட்டது, அதனால் இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

சாதாரண மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். எட்டுத் தந்தி, நான்கு ஜோடி; தாழ்ந்த மந்திரத் தந்தியிலிருந்து மேலே ஜி, டி, ஏ, இ. நம் கணக்கில் ஜி என்றால் ஐந்து கட்டை. மேல் இரண்டு ஜோடிகளையும் இரண்டிரண்டு மெட்டு (கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்) அளவு இறக்கிவிட்டால் ஜி, டி, ஜி, டி ஆகிவிடும். அதாவது ச, ப, ச, ப. வேறு எந்த மாற்றமும் வேண்டாம், தந்தி மாற்றவும் வேண்டாம். இரண்டு கட்டையில் பாடுகிற ஆண்களுக்கு இன்னும் சுலபம்: இ ஜோடியை மட்டும் டி-க்கு இறக்கினால் போதும், ம, ச, ப, ச கிடைத்துவிடும். அயர்லாந்துக்காரர்கள் புஸூக்கி என்ற நீளக் கழுத்துத் தந்தி வாத்தியத்துக்கு வைக்கிற சுருதியும் இதுதான். ஒரு கட்டைக்காரர் என் சுருதியில் ஐந்தாம் மெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒருசேர அழுத்தும் கிளிப்) மாட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சுருதியில் மாயாமாளவகௌளை ராகம் கையில் விழும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ச தந்தியில் விரல் வைக்காத திறந்த ஒலி, பிறகு 1, 4, 5 ஆகிய மெட்டுகள். அதோடு ச ரி க ம முடிந்தது. ப தந்திக்குத் தாவி அதே விரல்களை அதே இடத்தில் வைத்தால் ப த நி. மேல் ச அடுத்த தந்தியின் திறந்த ஒலி. சரளி வரிசை தெரிந்த குழந்தைகூட ஒரு மாலையில் பிடித்துக்கொள்ளும்.

விரல் எட்டினால்தான் இதெல்லாம். கடைக்காரர் யாரும் சொல்லாத விஷயம் இது. ஆக்டேவ் மாண்டலினில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்தியைத் தாங்கும் துண்டு) பிரிட்ஜ் (உடல்மேல் தந்தியைத் தாங்கும் துண்டு) வரை தந்தி நீளம் 20 அங்குலமும் இருக்கும், 23 அங்குலமும் இருக்கும். அமெரிக்கக் கடைகளில் ஆக்டேவ் மாண்டலின், பிரிட்டன் கடைகளில் ஆக்டேவ் மாண்டோலா என்று ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வேறு. பெயரை விட்டுவிட்டு நீளத்தைக் கேளுங்கள். முதல் மெட்டிலிருந்து நான்காம் மெட்டு வரை, அதாவது ரி-யிலிருந்து க வரை, 14 அங்குல மாண்டலினில் சுமார் 5 சென்டிமீட்டர்தான். என்னுடைய 21 அங்குலத்தில் 8 சென்டிமீட்டர். 23 அங்குலத்தில் கிட்டத்தட்ட 9. காகிதத்தில் கோடு போட்டு ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் வைத்துப் பாருங்கள். எட்டவில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த நீளம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் சிறியதே நல்லது என்றும் சொல்லமாட்டேன். நீளம் குறைந்தால் தந்தி தளரும். மந்திர ஜி கரகரக்கும். அதிலும் நான் இறக்குகிறபடி சுருதியை இறக்கினால் மேல் ஜோடிகள் இன்னும் தளரும். 21-இலிருந்து 22 வரை என்பது என் கைக்கும் காதுக்கும் சரிப்பட்ட சமரசம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பொருளின் விலையோடு பத்து சதவீதம் கூட்டி, சுங்கத் தீர்வை ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து, அந்தத் தொகைக்குத்தான் 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) போடுவார்கள். 10,000 ராண்ட் கருவி என்றால் தீர்வை இல்லாவிட்டாலும் வாட் 1,650 ராண்ட். கூரியர் கட்டணம் தனி. அதற்கும் மேல் ஒரு தொகையை ரிப்பேர் பட்டறைக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கருவியைத் தேட வேண்டும். இந்த விலையில் வருகிற எதுவும் பெட்டியைத் திறந்ததும் வாசிக்கிற நிலையில் வராது. என்னுடையதில் நட்டில் வெட்டு ஆழமில்லை, முதல் மெட்டை அழுத்தவே விரல் வலித்தது, ஜோடித் தந்திகள் இரண்டும் ஒரே சுருதியில் நிற்கவில்லை. எந்தக் கம்பெனி என்று சொல்வதில் பயன் இல்லை. மஸ்கண்டி என்ற ஸூலு இசை வாசிக்கும் கிட்டார்காரர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஆக்டேவ் மாண்டலினை அவர் அதற்கு முன்னால் தொட்டதே இல்லை. நட்டை அரம் போட்டு இறக்கி, பிரிட்ஜின் அடியைத் தேய்த்து, ஒரு வாரத்தில் வேறு வாத்தியமாகத் திருப்பித் தந்தார். என் கருவிக்கு நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான்.

பிரிட்ஜ் ஒட்டப்பட்டிருக்காது. தந்தியின் அழுத்தத்தில் மட்டுமே பலகைமேல் நிற்கும். ஆகவே எட்டுத் தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. பிரிட்ஜ் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வையுங்கள். அது நகர்ந்துவிட்டால் பன்னிரண்டாம் மெட்டில் மேல் ச சேராது, கருவியையே திட்டுவீர்கள்.

டர்பன் காற்று இந்த மரத்துக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் மேல்பலகை ஈரத்தைக் குடித்து உப்பும். தந்தி உயரும், விரல் நோகும். உப்புக்காற்றில் கம்பிச் சுற்று இல்லாத வெள்ளைத் தந்திகள் துருப்பிடித்துக் கறுத்துப்போகும். பூச்சுப் போட்ட தந்தி விலை கூடினாலும் கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன். குளிர்காலத்தில் லெனேசியாவில் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனால் கதை தலைகீழ். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து வறண்ட காற்றில் பலகை தணிந்து தந்தி மெட்டில் மோதும், கழுத்துப் பலகை சுருங்கி மெட்டு நுனிகள் உள்ளங்கையைக் கீறும். அப்போது சிலிக்கா ஜெல்லை எடுத்துவிட்டு, துளையிட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சை வைத்துப் பெட்டியில் போடுவேன். ஐம்பது சதவீதத்தை ஒட்டி ஈரப்பதம் இருந்தால் மரம் அமைதியாக இருக்கும். பெட்டிக்குள் வைக்கிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கருவிக்கென்றே கட்டிய தந்தி செட் இங்கே கடைகளில் கேட்டால் முழிக்கிறார்கள். 12–53 கிட்டார் செட் (எண்கள் தந்தியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இரண்டு வாங்கி, 12, 24, 32, 42 ஆகியவற்றை எடுத்து ஜோடி சேர்க்கிறேன். கிட்டார் தந்தியின் முனையில் குண்டு இருக்கும், இதற்கோ வெறும் வளையம் வேண்டும். குறடால் குண்டை நசுக்கி உடைத்து எடுத்துவிட்டால் வளையம் மிஞ்சும். கண்ணுக்கு நேராக வைத்து உடைக்காதீர்கள், துணுக்குத் தெறிக்கும்.

கமகம் எதிர்பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாண்டலின் என்றதும் நமக்கு யு. ஸ்ரீநிவாஸ்தான் ஞாபகம் வருவார். அவர் வாசித்தது மின் மாண்டலின். ஜோடிகள் இல்லை, ஐந்தும் ஒற்றைத் தந்திகள். இரண்டு தந்தியைச் சேர்த்துப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் நகராது, சுருதி பிளந்து கேட்கும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்கும் ஜாரு வரும், நன்றாகவே வரும். தோடியின் காந்தாரம் என் கையில் வரவே இல்லை. மேல் இரண்டு ஜோடியிலும் ஒவ்வொரு தந்தியைக் கழற்றிவிட்டு ஆறு தந்தியாகக் கொஞ்ச காலம் வாசித்தேன். அசைவு சற்றுக் கூடியது, ஆனால் அந்த இரட்டைத் தந்தியின் மினுமினுப்புப் போய்விட்டது. அது இல்லாமல் இந்தக் கருவி எதற்கு? திரும்ப மாட்டிவிட்டேன். கீர்த்தனைதான் வாசிக்கப் போகிறேன் என்பவர் நான்கு ஒற்றைத் தந்தி உள்ள டெனர் கிட்டார் வாங்கி ஜி, டி, ஏ, இ சுருதி வைக்கலாம். நீளம் 23 அங்குலத்தை ஒட்டி வரும், தந்தி மலிவு, கிட்டார் ரிப்பேர்காரர் எவருக்கும் கைப்பழக்கமான வேலை. தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கிச் சில வாரம் வைத்திருந்தேன். கமகத்துக்கு அதுதான் மேல். தேவாரத்துக்குக் கீழே சுருதி நிறைந்து நிற்பதற்கு என்னுடையதுதான்.

கோயிலில் நிலைமை வேறு. ஹார்மோனியத் தாத்தா முதல் நாள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, வாசிக்கிறியா, இல்ல சும்மா தொடைக்கிறியா?" என்றார். தப்பில்லை, மிருதங்கமும் ஜால்ராவும் சேர்ந்தால் எனக்கே கேட்காது. பலகையில் ஒட்டி அதன் அதிர்வைப் பிடிக்கும் மலிவு பீஸோ பிக்கப்பைப் போட்டுப் பார்த்தேன். தகரச் சத்தம், அதோடு கொஞ்சம் ஒலி கூட்டினாலே ஊளை. பாடும் மைக்கையே சற்றுத் தாழ்த்தி, கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து வைப்பதுதான் இப்போதைக்கு ஓடுகிறது. ஒலித் துளைக்கு நேரே வைத்தால் மந்திர ஜி மட்டும் பூதமாக முழங்கும். கோவிந்தா பஜனை சூடு பிடித்து எல்லோரும் கை தட்டத் தொடங்கினால் மைக்கும் தோற்றுவிடும், அப்போது ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு நானும் தாளம் எடுத்துக்கொள்வேன்.